ஒரு வெற்றிலை வெளிச்சம்

திருத்தணியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வீட்டுக்குப் போனவர்கள் யாராக இருந்தாலும், ஒருமுறையாவது என் கைவேலையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். பையின் மேல் மாப்பிள்ளை பெயர் இருக்கும், பெண் பெயர் இருக்கும், மண்டபத்தின் பெயர் இருக்கும். அடித்தவன் பெயர் இருக்காது. தேவையும் இல்லை. எழுத்தின் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், பிளேடால் சீவியது போல நிற்கும். இந்தப் பக்கம் அரக்கோணம், அந்தப் பக்கம் நகரி, புத்தூர் வரைக்கும் துணிப்பையில் இந்தச் சுத்தத்தைக் காட்டுகிற ஆள் என்னைத் தவிர யாரும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தால் நான் இன்னும் கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பேன்.

நான் நாலாவதோடு நின்றவன். கரும்பு வெட்டினேன், பிறகு அரக்கோணத்தில் ஓர் அச்சுக் கடையில் பேப்பர் கட்டுத் தூக்கினேன். அங்கே எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. இருட்டு அறைக்குள் போகும்போது கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்பதை மட்டும் வைத்து நடுவில் நடப்பது என்னவென்று நானே கண்டுபிடித்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு மரச்சட்டத்தில் கொசுவலையைவிடப் பத்து மடங்கு மெல்லிய துணியை இழுத்துக் கட்ட வேண்டும். அதுதான் ஸ்கிரீன். அதன்மேல் பச்சை நிற மருந்தைப் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். அந்த மருந்து வெளிச்சம் பட்டால் கெட்டியாகிவிடும், படாவிட்டால் தண்ணீரில் கரைந்துவிடும். எழுத்து அடித்த தாளை அதோடு ஒட்டவைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம் படாது. பிறகு தண்ணீர் அடித்தால் அந்த இடம் மட்டும் கரைந்து எழுத்துக்குக் கண் திறக்கும். அந்தக் கண் வழியாக மை இறங்கும். எல்லாக் கெட்டிக்காரத்தனமும் இந்த வெளிச்சம் காட்டுவதில்தான் இருக்கிறது. கடையில் இதற்கு மெசின் விற்கிறார்கள். நான் ஒரு நாளும் வாங்கவில்லை.

என் மெசின் ஒரு மரப்பெட்டி. பழைய கட்டில் பலகையை அறுத்து நானே அடித்தது. ஸ்வீட் கடைகளில் ஈ, பூச்சி பிடிப்பதற்கு நீல வெளிச்சம் எரியும் பெட்டி மாட்டியிருப்பார்களே, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் அதைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதன் டியூப்களைக் கேட்டு வாங்கி வந்து பெட்டிக்குள் வரிசையாக மாட்டினேன். அந்த நீல வெளிச்சம் இந்த மருந்துக்கு வெயிலைப் போலவே வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. பெட்டியின் மேல் மூடியாக அதே கடையின் ஷோகேஸ் கண்ணாடி. கண்ணாடி மேல் எழுத்துத் தாள், தாள் மேல் ஸ்கிரீன், ஸ்கிரீனுக்குள் பஸ் சீட்டு ஸ்பாஞ்ச், அதன்மேல் ஒரு பலகை, பலகை மேல் கிரைண்டர் குழவிக்கல். தாளும் துணியும் நடுவில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ள அந்தப் பாரம் வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கம்பளியால் மூடிவிடுவேன். நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்கு ஆகாது.

மாவு அரைக்கிற அன்றைக்கெல்லாம் கல்லைத் தேடிக்கொண்டு என் மனைவி அந்த அறைக்கு வருவாள்.

“கிரைண்டர வாங்கினது மாவு அரைக்கவா, உங்க பெட்டி மேல குந்த வெக்கவா?”

“ரெண்டுக்கும்தான். காசு குடுத்தது நானு.”

எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்று தொழில்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு வெற்றிலை. சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுப் பாக்கைக் கடிக்கும்போது சுவிட்சைப் போடுவேன். சாறெல்லாம் இறங்கிச் சக்கை ஆனதும் அணைப்பேன். அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்து நான் மெல்லுவதைச் செல்போனில் நேரம் பிடித்துக்கொண்டு போனார். வீட்டில் அதே நேரம் வைத்துப் போட்டுப் பார்த்தாராம், வரவில்லையாம். எப்படி வரும்? பெட்டி என்னுடையது, வாயும் என்னுடையது.

மருந்து காய்கிற அறையில் சாதாரண வெளிச்சம் இருக்கக் கூடாது. ஆனால் மஞ்சள் வெளிச்சம் இருந்தால் பரவாயில்லை, மஞ்சள் அந்த மருந்தை ஒன்றும் செய்யாது. அதனால் பல்பைச் சுற்றி மஞ்சள் கண்ணாடித் தாள் கட்டியிருந்தேன். ஜன்னலுக்கு என் பழைய வேட்டியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கித் திரையாகப் போட்டிருந்தேன். இதற்கென்று கடையில் விலை சொல்லும் துணியைவிட என் வேட்டி நன்றாகவே வேலை செய்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் நகரிப் பக்கத்துப் பெண். அவள் அப்பா, அதாவது என் சம்பந்தி, அங்கே விசைத்தறி வைத்திருக்கிறார். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். எனக்கும் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. என் மகன் சென்னையில் வேலைக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன். அவனுக்குப் பெண் கொடுத்தபோது அவர்கள் சனத்தில் ஒரு பேச்சு இருந்தது. “பை அடிக்கிற வூட்டுக்கா பொண்ணு குடுக்கறீங்க?” என்று பெண்ணின் அக்கா புருஷன், ஒரு பேங்குக்காரர், பந்தியிலேயே கேட்டார். என் காதிலும் விழுந்தது. மருமகள் காதிலும் விழுந்திருக்கிறது. நான் அதை அன்றே துப்பிவிட்டேன். அவள் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது, அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் தெரிந்தது.

ஐப்பசியில் முகூர்த்தம். தாம்பூலப் பைக்குத் தன் தறியிலேயே மஞ்சள் துணி நெய்து தைத்துவிட்டதாகச் சம்பந்தி போனில் சொன்னார். சம்பந்தி என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்; தெலுங்கில் மச்சானும் பாவாதான், அக்கா புருஷனும் பாவாதான்.

“பாவா, திருப்பதில ஒர்த்தன் கம்ப்யூட்டர் மெசின்ல கலர் கலரா அடிச்சித் தரேன்றான். பெரிய மாப்ள அங்கதான் குடுக்கணும்னு சொல்லிகினு இருக்காரு. நீ இன்னா சொல்ற?”

நான் பதில் சொல்வதற்குள் மருமகள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நைனா, பைய இங்க அனுப்பு. எங்க மாமா அடிச்சித் தருவாரு. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ். வேற எங்கயும் குடுக்காத. இது என் பேச்சு.”

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “அன்னிக்கி பேசின வாய்ங்க எல்லாம் நம்ம வூட்டுப் பையத் தூக்கிகினு போவணும் மாமா. அதான்.”

“போவும்,” என்றேன். “அடிக்கறது யாரு? நானு.”

மூட்டைகள் வந்து இறங்கின. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. ஆயுத பூஜையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி செய்த முதல் வருஷம், என் மனைவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது பெட்டிக் கண்ணாடிக்கும் மூன்று பொட்டு வைத்துவிட்டாள். நான் கவனிக்கவில்லை. பொட்டு இருந்த இடத்தில் வெளிச்சம் படாமல் ஸ்கிரீனில் மூன்று ஓட்டை விழுந்தது. ஓர் அரிசி மண்டிக்கு அடித்த பைகள் அத்தனையிலும் கடைப் பெயருக்கு மேலே மூன்று புள்ளி. மண்டிக்காரர் தடவிப் பார்த்து, “இன்னா இது புள்ளி?” என்றார். “அது டிசைனுங்க. எல்லாருக்கும் போட மாட்டேன்” என்றேன். அடுத்த வருஷம் அவரே வந்து, “அந்தப் புள்ளிய உட்ராதீங்க, ராசியா கீது” என்றார். அதிலிருந்து புள்ளிக்கென்று நான் தனியாகக் கறுப்புத் தாள் வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: கண்ணாடியில் பொட்டு வைக்கக் கூடாது.

இந்த வருஷமும் பூஜை முடிந்தது. மரச்சட்டங்களுக்கும் மை இழுக்கிற ரப்பர் கட்டைக்கும் பொட்டு இருந்தது. கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன், பொட்டு இல்லை. திருப்தியாக இருந்தது.

தாலுகா ஆபீஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு பக்கத்துக்கும் எழுத்துப் போட்டு வாங்கிவந்தேன். தெலுங்கை மருமகள் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சரி என்றாள். தாளின் பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் ஊறினால் வெள்ளைத் தாள் கண்ணாடி போல ஆகி வெளிச்சத்தை விடும். இதுவும் என் கண்டுபிடிப்புதான். ஸ்கிரீன் காய்ந்திருந்தது. பெட்டியில் வைத்து, கல்லை ஏற்றி, கம்பளி மூடி, ஒரு வெற்றிலை போட்டேன். துப்பினேன். அணைத்தேன். குளியலறையில் தண்ணீர் அடித்தேன்.

எழுத்து மட்டும் கரைய வேண்டிய இடத்தில் மருந்து மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கஞ்சி போலக் காலடியில் ஓடியது. சட்டத்தில் வெறும் துணி நின்றது.

மருந்து பழையது என்று நினைத்தேன். மறுபடி பூசிக் காயவைத்து, இரண்டு வெற்றிலை போட்டேன். அதுவும் போயிற்று. மகனிடம் சொல்லிச் சென்னையிலிருந்து புது மருந்து வாங்கிவரச் செய்தேன். சின்ன டப்பாதான் கிடைத்தது என்று ரயிலில் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் பூசி மூன்று வெற்றிலை மென்றேன். சுண்ணாம்பு பட்டு நாக்கு வெந்துபோனது. ஸ்கிரீன் அங்கங்கே பிடித்ததுபோல இருந்தது, தண்ணீர் பட்டதும் தோல் உரிவதுபோல உரிந்தது.

என் மனைவி சாம்பார் காரம் என்று நான் தட்டைத் தள்ளியதைப் பார்த்துவிட்டாள்.

“காரம் சாம்பார்ல இல்ல. வாயில கீது. பகல் பூரா ஆடு மாரி மென்னுகினு இருந்தா?”

“வேலைக்கி மெல்றேன்.”

“மெஷின் ஓடறதுக்குப் பெட்ரோல் போடுவாங்க. இவரு வெத்தல போடறாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டியூப் வெளிச்சம் குறைந்துவிட்டதோ என்று சந்தேகம். கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு டியூப்களை எரியவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மழைக்காலத்துப் பூச்சிகள் வந்து பெட்டிக்குள் விழ ஆரம்பித்தன. ஸ்வீட் கடையில் இருந்தபோது எப்படி விழுந்தனவோ அப்படியே. டியூப் நன்றாகத்தான் இருக்கிறது. சோக் நன்றாக இருக்கிறது, மருந்து புதிது, தாளில் எண்ணெய் ஊறியிருக்கிறது, வாயில் வெற்றிலையும் இருக்கிறது. என் தொழிலில் காரணம் தெரியாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கண்ணாடி எப்படிக் கெட்டுப்போகும்? மேல்பக்கம் பேப்பரால் நன்றாகத் துடைத்துத் திரும்ப மூடினேன்.

சம்பந்தி போன் செய்தார்.

“பாவா, வெள்ளிக்கெழம பொண்ணழைப்பு. வியாழக்கெழம சாயந்தரம் வண்டி எடுத்துகினு நானே வரேன். ரெடியா இருக்கும்ல?”

“இருக்கும்.”

“இல்லன்னா இப்பவே சொல்லிடு, தப்பா நெனைக்க மாட்டேன். திருப்பதிக்காரன் இன்னும் கேட்டுகினுதான் கீறான். பெரிய மாப்ள வேற...”

“ரெடியா இருக்கும்னு சொன்னேன்ல?”

இதைச் சொன்னது புதன்கிழமை காலை. ஒரு பைகூட அடிக்கவில்லை. புது மருந்தில் இன்னும் இரண்டு ஸ்கிரீனுக்கு மட்டும் மிச்சம். ஒன்று தெலுங்குக்கு, ஒன்று தமிழுக்கு. வேறு யாரிடமாவது ஸ்கிரீன் போட்டு வாங்கலாமே என்று கேட்பீர்கள். இந்த ஊரில் மற்றவர்கள் என்னிடம் வந்து போட்டுக்கொண்டு போவார்கள். நான் யாரிடம் போவது?

மருமகள் அறைவாசலில் வந்து நின்றாள். மூட்டையிலிருந்து ஒரு பையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

“மாமா, ஒண்ணும் அடிக்காமயே குடுத்துடலாமா? மஞ்சப் பை மஞ்சப் பையாவே இருக்கட்டும். நைனாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“இன்னான்னு சொல்லுவ?”

“கரண்ட் இல்லன்னு சொல்றேன்.”

“உங்க மாமா வூட்ல கரண்ட் இல்ல, அதான் மொட்டப் பைன்னு அந்த பேங்குக்காரு ஊரு பூரா சொல்லுவாரு. மொட்டை அடிக்கறதுக்கு மேல மலை கீது. உன் தம்பி கல்யாணத்துல வேணாம்.”

அவள் அந்தப் பையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பெட்டி செய்வதற்கு முன்னால் நான் மொட்டைமாடியில் வெயிலில்தான் வெளிச்சம் காட்டுவேன். ஐப்பசி வெயிலை நம்ப முடியாது, மேகம் வந்து பாதியில் கெடுக்கும். அதற்காகத்தான் பெட்டியே செய்தேன். அன்று வேறு வழியில்லை. மதியம் மலைக்கு மேலே வானம் வெளுத்து வெயில் அடித்தது. மிச்ச மருந்தைப் பூசிக் காயவைத்திருந்த இரண்டில் ஒரு ஸ்கிரீனைக் கம்பளியில் சுற்றி மருமகளிடம் கொடுத்தேன். பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி நான் தூக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் மாடி ஏறினோம்.

வெயில் சூட்டுக்காக மாடித் தரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தேன். கண்ணாடியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். தரையைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளைத் தரையில், மஞ்சளாக ஒரு சதுரம் விழுந்திருந்தது.

மேலே பார்த்தேன், கண்ணாடிதான். கையை நீட்டினேன், என் கை மஞ்சளாயிற்று. வேட்டியைக் காட்டினேன், வேட்டி மஞ்சள். மருமகள் கம்பளி மூட்டையை அணைத்துக்கொண்டு, “இன்னா மாமா?” என்றாள். நான் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தேன். சுண்ணாம்பை விரலில் தொட்டுக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன். கோடு கண்ணெதிரே சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அந்தச் சிவப்பு.

மாடியிலிருந்தே கூப்பிட்டேன். என் குரல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். என் மனைவி ஈரக் கையோடு ஏறி வந்தாள்.

“கண்ணாடில இன்னா பூசின?”

“எந்தக் கண்ணாடி?”

“பெட்டிக் கண்ணாடி!”

“ஆங். மஞ்சத் தண்ணி. பூஜைக்கி.”

“பொட்டு வெக்காதன்னு சொல்லி வெச்சனா இல்லியா?”

“சொன்னீங்க. பொட்டு வெச்சனா? ஒரு பொட்டு காட்டுங்க பாக்கலாம். பொட்டு வெக்காதன்னு சொன்னீங்களே தவிர, மஞ்ச பூசாதன்னு சொன்னீங்களா? இந்த வூட்டுக்கு சோறு போடற பெட்டி அது ஒண்ணு. அத மட்டும் வெறுமனே உட்டுட்டு, ரப்பர் கட்டைக்கிப் பொட்டு வெக்கணுமா? அதான் வாசப்படிக்கிப் பூசற மாரி துணில முக்கி, அடிப்பக்கமா, ஒரே சீரா பூசினேன். மேல் பக்கம் பூசினா உங்க பேப்பர்ல ஒட்டுமேன்னு யோசிச்சித்தான் அடிப்பக்கம் பூசினேன். திட்டு விழாம பூசினேன், தெரியுமா?”

அது உண்மை. ஒரு திட்டு இல்லை. நான் மருந்து பூசுவதைவிடச் சீராகப் பூசியிருந்தாள். புள்ளி விழுந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். மஞ்சள் பல்பும் மஞ்சள் திரையும் போட்ட அறையில் மஞ்சள் கண்ணாடி எந்தக் கண்ணுக்குத் தெரியும்? டியூப் எரியும்போதோ நான் கம்பளி போட்டு மூடிவிடுகிறவன். அந்த அறையின் ஜன்னலில் எதை வைத்து வெளிச்சத்தைத் தடுத்தேனோ, அதையே என் வீட்டம்மா என் பெட்டிக்குள் வைத்துத் தடுத்துவிட்டாள்.

மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கம்பளிக்குள் ஸ்கிரீன் இருக்கிறது என்பதால் அதைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பல நாளாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“சிரிப்பு அப்பறம். சோப்புத் தண்ணி கொண்டா,” என்றேன்.

துணி சோப்புப் பட்டதும் கண்ணாடி முழுக்கக் குங்குமமாகச் சிவந்தது. சிவப்பு ஓடி, வெள்ளைத் தரையில் வழிந்து, பைப் வழியாகத் தெருவுக்குப் போனது. இரண்டு முறை கழுவினோம். மூன்றாம் முறை தரையில் விழுந்தது வெறும் வெயில்தான். அந்த வெயிலும் அப்போதே மேகத்துக்குள் போய்விட்டது.

கீழே இறங்கினோம். கண்ணாடியைப் பெட்டியில் பொருத்தினேன். தெலுங்குத் தாள், ஸ்கிரீன், ஸ்பாஞ்ச், பலகை. கல்லை என் மனைவியே தூக்கிவந்து வைத்தாள். கேட்காமல் அவள் அந்தக் கல்லைக் கொடுத்தது அன்று ஒரு நாள்தான். வெந்த நாக்கோடு ஒரு வெற்றிலை போட்டேன். ஒன்றே ஒன்று. எரிந்தது. நடுவில் துப்பவில்லை. சாறு இறங்கியதும் அணைத்தேன்.

குளியலறையில் மருமகள் கதவோரம் நின்றாள். தண்ணீரை மெதுவாக விட்டேன். பச்சை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் ஒரு சுழி வெளுத்தது. பக்கத்தில் இன்னொரு சுழி. தெலுங்கு எழுத்தெல்லாம் சுழிதானே, ஒவ்வொன்றாகக் கண் திறந்தது. ஸ்கிரீனைத் தூக்கிப் பிடித்தேன். எனக்குப் படிக்க வராது.

“இன்னா எழுதியிருக்கு?”

அவள் தம்பியின் பெயரைப் படித்தாள். பெண்ணின் பெயரைப் படித்தாள். அப்புறம் தன் அப்பா பெயரை இரண்டு தடவை படித்தாள். நான் கவனிக்காததுபோல, “தமிழ் ஸ்கிரீன எடு,” என்றேன்.

அன்று மாலையிலிருந்து மறுநாள் மதியம் வரை அடித்தோம். மருமகள் பையை விரித்து வைப்பாள். நான் மையை ஊற்றி ரப்பர் கட்டையை ஒரே இழுப்பாக இழுப்பேன். என் மனைவி வாங்கிக் கொடியில் போடுவாள். கூடம், படுக்கை அறை, மாடிப்படி எல்லா இடத்திலும் கயிறு கட்டினோம். ஒரு பக்கம் காய்ந்தபின் மறுபக்கம். மகன் ரயில் இறங்கி வந்தவன் வீட்டுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாமல் குனிந்தே போய்ச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை சாயந்தரம் சம்பந்தி வந்தார். ஒரு பையை எடுத்து எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மை வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பாவா, மெசின்ல அடிச்ச மாரி கீது.”

“மெசின் இப்டி அடிக்குமா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“சரி, மெசின் இப்டி அடிக்காது. கரண்ட் தொந்தரவுன்னு பொண்ணு போன்ல இன்னாவோ இழுத்தாளே?”

நான் வோல்டேஜ் என்று ஆரம்பித்தேன். என் மனைவி காபியோடு வந்து, மஞ்சள் பூசியதிலிருந்து சுண்ணாம்புக் கோடு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். ஆடு மாதிரி மென்றதையும் சேர்த்துச் சொன்னாள். சம்பந்தி காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா, எங்க வூட்டுக்கு எப்ப வேணாலும் வாக்கா. தறிப் பக்கம் மட்டும் மஞ்சக் கையோட வந்துடாத.”

“நீங்க பொட்டு வெக்காதன்னு சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம்,” என்றாள் என் மனைவி.

கல்யாணத்தன்று தாம்பூலப் பை கொடுக்கிற மேசையில் என் மருமகள்தான் நின்றாள். வேறு யாரையும் நிற்கவிடவில்லை. தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பேங்குக்காரர் வந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ப்ரிண்ட் நல்லா கீதே. திருப்பதிலயா குடுத்தீங்க?”

“எங்க வூட்ல,” என்றாள் மருமகள். “நான் பைய விரிச்சி வெச்சேன், மாமா அடிச்சாரு, அத்தை காய வெச்சாங்க. பை அடிக்கிற வூடுதான பாவா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பையோடு நகர்ந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, ஆபீஸில் கொடுக்க இன்னொரு பை கேட்டார். கொடுத்தாள்.

நான் அந்த விஷயத்தில் நஷ்டப்பட்டவன் இல்லை. நல்ல மஞ்சள் எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்காத அளவுக்கு நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், அதுவும் மூன்று வெற்றிலை வரைக்கும். அந்த வேட்டித் திரையைக் கழற்றி எறிந்தேன்; காற்றடித்தால் அது விலகும், ஓரத்தில் வெளிச்சம் வரும், எனக்கு எப்போதுமே அதில் குறை இருந்தது. இப்போது அந்த அறையின் ஜன்னல் கண்ணாடிக்கு நேரே மஞ்சள் பூசிவிடுகிறோம். பெட்டிக் கண்ணாடியை யாரும் தொடக் கூடாது. ஜன்னல் கண்ணாடி என் மனைவிக்கு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பழையதைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுவாள்.

இந்த வருஷம் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது. எந்தப் பக்கம் பூசணும்?”

“ரெண்டு பக்கமும் பூசு,” என்றேன்.